பதிவுக்கு முன்னால் எதற்குப் பணம்?

"இடம் என் பேர்ல இல்ல சார், ஆனா அக்ரிமென்ட் என் கையில இருக்கு. ஓனரே வந்து உங்க பேருக்குப் பத்திரம் போட்டுக் கொடுப்பார். என் லாபத்தை மட்டும் இப்பவே செட்டில் பண்ணிடுங்க."

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து 3 லட்சம் ரூபாயை எண்ணிக் கொடுத்தேன், ரொக்கமாக. ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கைதானே சார்" என்றார் அந்த அக்ரிமென்ட்காரர்.

அந்த அக்ரிமென்ட்டை வீட்டுக்கு வந்த பிறகுதான் வரி வரியாகப் படித்தேன். 20 ரூபாய் முத்திரைத்தாள், இரண்டே பக்கம். ஓனருக்குக் கொடுத்த அட்வான்ஸ் 50,000. கெடு ஆறு மாதம்; அது முடிந்தே நாற்பது நாள் ஆகியிருந்தது. அக்ரிமென்ட்காரர் கைகாட்டும் ஆளுக்குக் கிரயம் செய்து தருவதாக ஒரு வரிகூட இல்லை. ஓனர் வீட்டுக்கு ஓடினேன். "அவர் கெடு தாண்டிடுச்சேங்க, வேற ஆளுகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேனே" என்றார் அந்தப் பெரியவர். அவரிடம் என்ன சண்டை போடுவது? என் பணத்தில் ஒரு ரூபாய்கூட அவர் கைக்குப் போகவில்லை.

நடுவில் இருப்பவர் லாபம் பார்க்கட்டும். வெயிலில் அலைந்து இடம் பிடித்தவர், அதில் எனக்கு வருத்தமே இல்லை. பதிவு முடியுமுன்பே அந்த லாபத்தைக் கேட்கிறார்களே, அதுதான் வயிறு எரிகிறது. கிரய ஒப்பந்தத்தையும் பதிந்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012-லேயே சட்டம் வந்துவிட்டது. யார் பதிகிறார்கள்? பதியாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது. ஒரே மனையை நாலு பேருக்குக் காட்டினாலும் நமக்குத் தெரியாது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். டீக்கடை பெஞ்சுக்கு அது எட்டுவதே இல்லை.

ஓனர், அக்ரிமென்ட்காரர், நான் என மூன்று பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அவர் லாபம் இவ்வளவு என்று அதிலேயே எழுதியிருந்தால் போதும். ஓனர் சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைத்ததும் டிடியை நீட்டியிருப்பேன். யாருக்கு என்ன நஷ்டம்?

பதினோரு மாதமாக "அடுத்த வாரம் சார்" கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று தங்கை மகன் போன் செய்தான். அவனும் மனை பார்க்கிறான், அதே அக்ரிமென்ட் கதை. பதிவு அன்றைக்குத்தான் பணம் என்று கண்டிப்பாகச் சொல்லச் சொன்னேன்.

"சொன்னேன் மாமா. வேற பார்ட்டி ரெடியா இருக்காம், நாளைக்குள்ள கொடுக்கணுமாம்."