தலால் தெருச் சொற்கள்

சென்ற மாதம் இப்பகுதியில் அஞ்சலகச் சேமிப்புப் பத்திரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த தாராவி அம்மையார் ஒருவர் ஞாயிறு பிற்பகல் நம் சங்க நூலகத்துக்கு வந்து, துணிப்பையிலிருந்து மஞ்சளேறிய தாள்கள் சிலவற்றை எடுத்து என் முன் வைத்தார். "தம்பி, இதுவும் பத்திரந்தானே? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அவை பங்குப் பத்திரங்கள். அவருடைய தந்தையார் 1985-ஆம் ஆண்டில் வேலை செய்த இடத்தில் கிடைத்த போனஸ் பணத்தைக் கொண்டு வாங்கியவை. மொத்தம் ஐம்பது பங்குகள். ஒவ்வொன்றும் பத்து ரூபாய் என்று அச்சிட்டிருந்தது. அண்டையில் உள்ள ஒருவர், "பழைய காகிதம், ஐந்நூறு ரூபாய்தான் பெறும், போனால் போகட்டும், இரண்டாயிரம் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஐந்நூறுக்கு இரண்டாயிரம் தருகிறவரை அம்மையார் தர்மவானாகவே எண்ணியிருந்தார். அவருடைய கணக்கில் பிழையில்லை. ஒரு சொல்லின் பொருள்தான் அவருக்கு எட்டவில்லை.

அந்தச் சொல் முகமதிப்பு. ஆங்கிலத்தில் ஃபேஸ் வால்யூ என்பர். நான் பணிபுரியும் இரயில்வேயில் சீட்டில் அச்சிட்ட தொகையே விலை; அதற்குமேல் ஒரு காசு கேட்டால் குற்றம். பங்குப் பத்திரத்தில் அப்படியன்று. கம்பெனியின் மூலதனத்தைச் சமபங்குகளாகப் பிரித்தபோது ஒவ்வொன்றுக்கும் இட்ட எண்ணே முகமதிப்பு. சந்தையில் அது என்ன பெறும் என்பது வேறு கணக்கு. வாங்குவோரும் விற்போரும் நாள்தோறும் அதைத் தீர்மானிக்கின்றனர். அன்றைய விலைப் பட்டியலைப் பார்த்தோம். பங்கு ஒன்று நானூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. அம்மையார் சிறிது நேரம் பேசவேயில்லை.

இந்த வேறுபாடு இந்நகரத்துக்குப் புதியதன்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து பருத்தி வராமையால் இங்கிலாந்தின் ஆலைகள் பம்பாய்ப் பருத்திக்கு ஏங்கின. பணம் வெள்ளமாக வந்தது. இன்று ஹார்னிமன் வட்டம் என்று வழங்கும் இடத்தருகே, டவுன் ஹாலுக்கு எதிரில் ஆலமர நிழலில் நின்று தரகர்கள் பங்கு விற்றனர். கடலைத் தூர்த்து நிலமாக்கப் புறப்பட்ட பாக்பே கம்பெனியின் பங்குக்குச் செலுத்திய தொகை 5,000 ரூபாய். அது 50,000 ரூபாய் வரை விலைபோயிற்று. பிரேம்சந்த் ராய்சந்த் என்ற வணிகரின் பெயர் அப்போது ஊரெங்கும் பேசப்பட்டது. 1865-இல் போர் முடிந்தது, பருத்தி விலை சரிந்தது, பங்குகளும் சரிந்தன. பம்பாய் வங்கியே நொடித்துப் போயிற்று. சந்தை விலை முகமதிப்பைவிட ஏறவும் செய்யும், ஒன்றுமில்லாமல் போகவும் செய்யும் என்பதை அம்மையாரிடம் இதைக் கொண்டே விளக்கினேன். இல்லாவிட்டால் நாளையே மற்றப் பணத்தையும் பங்கில் போட்டுவிடுவாரோ என்ற அச்சம் எனக்கு!

அந்த வீழ்ச்சியில் 1865 ஜூலை முதல் தேதியைக் கறுப்பு நாளாகக் குறிப்பிடுவர். பின்னொரு நாளில் பணம் தந்து சரக்கு எடுப்பதாகச் செய்த ஒப்பந்தங்கள் பல அன்று முதிர்ந்தன, கொடுக்கப் பணமில்லை. இத்தகைய ஒப்பந்தத்துக்குக் குஜராத்தி வணிகர் வழங்கும் சொல் வாய்தா. நம் ஊர்க் கோர்ட்டில் வாங்குகிறோமே, அதே வாய்தாதான். தவணை என்பது பொருள். கோர்ட் வாய்தாவால் அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். சந்தை வாய்தாவும் அதற்குச் சளைத்ததன்று.

1875-இல் தரகர்கள் முறையாகச் சங்கம் அமைத்தனர். அதுவே இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை. அது நிற்கும் தெருவுக்குத் தலால் தெரு என்று பெயர். தலால் என்றால் தரகர். அங்கே வழங்கிய பேச்சு குஜராத்தியும் ஆங்கிலமும். இரண்டுக்கும் நடுவில் நம்மவர் காதில் விழுந்த சொற்கள் பொருள் விளங்காமலே வீடு வந்து சேர்ந்தன. தேஜி என்றால் விலையேற்றம், மந்தி என்றால் இறக்கம். மந்தி என்றதும் குற்றாலத்துக் குரங்குதான் நம் நினைவுக்கு வரும். மந்தம் என்று நினைத்துக்கொண்டால் பொருள் தானே விளங்கும். விலை ஏறும் என்று நம்பி வாங்குபவரை ஆங்கிலத்தில் காளை என்றும், இறங்கும் என்று விற்பவரைக் கரடி என்றும் சொல்வர்.

பத்லா என்று இன்னொரு சொல் உண்டு. ஆலைகளில் ஒருவருக்குப் பதிலாக வேலை பார்த்தவரைப் பத்லி என்றழைத்தது முதியோருக்கு நினைவிருக்கும். அதன் உறவுச் சொல் இது. வாங்கிய பங்குக்கு முழுப்பணம் கட்டாமல், வட்டி கொடுத்து அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடும் முறை. கையில் பணமில்லாதவரையும் பெருந்தொகைக்கு வாங்கச் செய்தது. 2001-இல் அதை நிறுத்திவிட்டார்கள். நல்லதே செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அம்மையாரின் தாள்களுக்குத் திரும்புவோம். கம்பெனி தன் இலாபத்தில் பங்குதாரர்க்குப் பிரித்தளிப்பது ஈவுத்தொகை, அதாவது டிவிடெண்ட். தந்தையார் வாழ்ந்த சாலை இடித்துக் கட்டியபோது குடும்பம் வேறிடம் போயிற்று; கம்பெனிக்கு முகவரி மாற்றம் எழுதவில்லை. ஈவுத்தொகைக் கடிதங்கள் திரும்பிப் போயிருக்கும். தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவுத்தொகையைப் பெறாவிட்டால் அப்பணம் மட்டுமின்றிப் பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குச் சென்றுவிடும். ஆனால் அவை மூழ்கிப் போவதில்லை. உரியவரோ வாரிசோ விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அரசு அதற்குக் கட்டணம் கேட்பதில்லை. வீடு மாறுவது நமக்கு வழக்கமாகிவிட்ட ஊர் இது. ரேஷன் கார்டில் முகவரி மாற்ற ஓடுகிற நாம் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட மறந்துவிடுகிறோம்.

தாள் பத்திரத்தைக் கைமாற்றி விற்பது 2019 ஏப்ரல் முதல் இயலாது. மின்கணக்கில், அதாவது டிமேட் கணக்கில் ஏற்றிய பிறகே விற்க முடியும். இரண்டாயிரம் தருவதாகச் சொன்னவர் வெறுந்தாளை வாங்கி என்ன செய்வார் என்று யோசித்தேன். வெற்று விண்ணப்பங்களில் கையொப்பம் கேட்டாராம். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மையாருக்கு இன்னொரு கலக்கமும் இருந்தது. தந்தையாரின் வங்கிப் புத்தகத்தில் அண்ணன்தான் நாமினி; ஆகவே பங்கும் அவருக்கே என்று ஊரில் பேச்சு. வங்கியில் எழுதிய நியமனம் பங்குக்குச் செல்லாது. பங்குக்கே நியமனம் எழுதியிருந்தாலும் நாமினி பொருளைப் பெற்று வைப்பவரேயன்றி உரிமையாளர் அல்லர். வாரிசுரிமைச் சட்டம் மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தந்தையின் பொருளில் மகளும் முதல் வகை வாரிசு என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அண்ணனும் நல்லவர், விவரம் சொன்னதும் சேர்ந்து விண்ணப்பிக்க ஒப்புக்கொண்டார்.

இப்போது நிற்பது ஒரு சிறு தடை. பத்திரத்தில் தந்தையாரின் பெயர் நம் வழக்கப்படி முன்னெழுத்தோடு இருக்கிறது. இங்கே வாங்கிய இறப்புச் சான்றிதழிலோ மராத்தி வழக்கப்படி அவர் தகப்பனார் பெயர் பின்னால் வந்திருக்கிறது. இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டும். வரும் புதன்கிழமை எனக்கு இரவு முறை. காலையில் அவர்களை நோட்டரியிடம் அழைத்துச் செல்கிறேன்.