விரித்து மடக்க ஒரு நிமிடம் போதுமா?

344 சதுர அடி வீடு. அதில் அப்பா, அம்மா, ஒரு மகன், மூன்று மகள்கள். போதாக்குறைக்கு ஓர் அறையில் வாடகைக்கு ஒருவர். 1970-களில் ஹாங்காங்கின் சாய் வான் ஹோ பகுதியில் இருந்த அந்த அடுக்குமாடி வீட்டில், மகனுக்குக் கிடைத்த இடம் நடைவழி. அங்கே கிடந்த சோபா கம் பெட்தான் அவருடைய படுக்கை.

அந்த மகன் பின்னாளில் கட்டடக் கலைஞர் ஆனார். பெயர் கேரி சாங். வளர்ந்த பிறகும் அவர் வேறு வீடு தேடிப் போகவில்லை. 1988-ல் அதே வீட்டை விலைக்கு வாங்கினார். 2007-ல் அவர் முடித்த மாற்றத்துக்குப் பிறகு, அந்த ஒரே இடம் 24 விதமாக மாறுகிறது. கூரையில் பொருத்திய இரும்புத் தடங்களில் சுவர்கள் தொங்குகின்றன. அவற்றை நகர்த்த நகர்த்த, அதே இடம் சமையலறை, நூலகம், துணி துவைக்கும் அறை, சாப்பாட்டு அறை என்று உருமாறும். இரவில் விரியும் கட்டில், பகலில் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

24 என்ற எண்ணைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். ஆனால், சின்ன வீட்டுக்காரர்களுக்குப் பாடம் இன்னோர் எண்ணில் இருக்கிறது. சாங் அந்த வீட்டை மாற்றி அமைத்தது நான்கு முறை. குடியிருந்துகொண்டே சுமார் 20 ஆண்டுகள் சோதித்துப் பார்த்த வீடு அது!

ஏன் மடங்குவதில்லை?

ஷோரூமில் விற்பனையாளர் ஒற்றைக் கையால் இழுத்ததும் சோபா கட்டிலாகிறது. ஐந்தே நிமிடத்தில் முடிவெடுத்து அட்வான்ஸும் கொடுத்தாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்த சில மாதங்களில், பல சோபா கம் பெட்கள் நிரந்தரக் கட்டிலாகவே கிடக்கின்றன. 'எல்லாம் சோம்பேறித்தனம்' என்று வீட்டில் சண்டை வேறு.

பெரும்பாலும் குற்றவாளி வடிவமைப்புதான். இரவு பத்து மணிக்கு அதை விரிக்க வேண்டுமென்றால், முதலில் டீப்பாயை நகர்த்த வேண்டும். குஷன்களை எடுத்து எங்காவது அடுக்க வேண்டும். தலையணையும் போர்வையும் பீரோவின் மேல் தட்டில் இருக்கும். காலையில் இதையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும். மடக்கு மேசைக்கும் இதே கதிதான். அதன் மேலிருக்கும் லேப்டாப், பாடப் புத்தகம், மருந்து டப்பாவை வைக்க வேறு இடம் இல்லையென்றால், அந்த மேசை ஒருநாளும் மடங்காது.

எனவே, 'எத்தனை விதமாக மாறும்?' என்று கேட்பதைவிட இந்த நான்கு கேள்விகள் முக்கியம். விரிக்க ஒரு நிமிடம் போதுமா? எத்தனை பொருள்களை நகர்த்த வேண்டும்? அவை எங்கே போகும்? வீட்டில் பலம் குறைந்தவராலும் முடியுமா?

நான்கிலும் முழு மதிப்பெண் வாங்குவது நம்ம ஊர்ப் பாய். முழங்கால் வலிக்காரர்களிடம்தான் அது தோற்றுப்போகிறது. கட்டில் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

நிமிர்ந்து நிற்கும் கட்டில்

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒற்றை அறையில் குடியிருந்தவர் வில்லியம் மர்ஃபி. கட்டிலை நிமிர்த்தி, சுவர் அலமாரிக்குள் மறைக்கும் வழியை அவர் கண்டுபிடித்தார். அவர் ஓர் ஓபரா பாடகியைக் காதலித்ததாகவும், கட்டில் கிடக்கும் அறைக்குப் பெண்ணை அழைப்பது அந்தக் காலத்தில் முறையல்ல என்பதால் கட்டிலையே ஒளித்ததாகவும் ஒரு கதை உண்டு. 'மர்ஃபி கட்டில்' என்ற பெயர் அவ்வளவு தூரம் பரவியதால், அது பொதுப்பெயராகிவிட்டது என்று 1989-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பே சொன்னது.

இந்தக் கட்டிலின் உயிர், எடைக் கணக்கில் இருக்கிறது. கட்டில், மெத்தை இரண்டின் எடையையும் ஸ்பிரிங்கோ கேஸ் ஸ்பிரிங்கோ தாங்கிப் பிடிப்பதால்தான் ஒருவரால் தூக்க முடிகிறது. பிறகு கனமான மெத்தை வாங்கிப் போட்டால் கட்டில் வேகமாக இறங்கும். லேசான மெத்தை போட்டால், கீழே நிற்காமல் தானே எழப் பார்க்கும். அதனால் மெத்தையை முதலில் முடிவு செய்து, எடை பார்த்து, அதற்கேற்ற ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் அட்டை, பிறகு மரம்

ஆசாரியை அழைப்பதற்கு முன், வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை.

தரையில் கோடு: மடக்கிய அளவு, விரித்த அளவு இரண்டையும் மாஸ்கிங் டேப்பாலோ சாக்பீஸாலோ தரையில் வரைய வேண்டும். கட்டில் விரிந்த நிலையில், கழிவறைக்குப் போக இரண்டடி வழியாவது மிஞ்ச வேண்டும். அறைக் கதவும் பீரோ கதவும் இடிக்காமல் திறக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

குட்டி மாதிரி: ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அட்டையை வெட்டி, கீல் வரும் இடத்தில் குண்டூசி குத்திச் சுழற்றினால், எது எங்கே இடிக்கும் என்பது தெரிந்துவிடும்.

முழு அளவு மாதிரி: ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இதற்குப் போதும். உட்காரும் உயரம் சுமார் 18 அங்குலம், சாப்பாட்டு மேசை உயரம் சுமார் 30 அங்குலம். ஒரே பலகை டீப்பாயாகவும் சாப்பாட்டு மேசையாகவும் இருக்க வேண்டுமானால், இடையில் ஓர் அடி உயர வேண்டும். அட்டை மாதிரியை ஹாலில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தால், வீட்டில் யார் இடித்துக்கொள்கிறார்கள் என்பது தெரியும்.

கரடு மாதிரி: விலை குறைந்த பிளைவுட்டில், உண்மையான கீல்களைப் போட்டு ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது. மைக்கா ஒட்டிய பிறகு ஓர் அங்குலம் குறைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இது லாபம்தான்.

சுவரைத் தட்டிப் பாருங்கள்

2022-ல் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுவர்க் கட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. சுவரில் இருந்து பிடி விட்டு மேலே சாய்ந்ததில் பலர் காயமடைந்தனர். 79 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். மெல்லிய தடுப்புச் சுவரில் இதைப் பொருத்தவே கூடாது. கான்கிரீட் அல்லது உறுதியான செங்கல் சுவரில், ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டு அவசியம். கீல் பக்கத்து இடுக்கில் குழந்தையின் விரல் நுழையாதபடியும் செய்யச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் தினமும் படுக்கை விரிப்பது யாரோ, அவரையே கடைக்கு அழைத்துப் போய்ப் பத்து முறை விரித்து மடக்கச் சொல்லுங்கள். பத்தாவது முறையும் அவர் முகம் சுளிக்கவில்லை என்றால், அட்வான்ஸ் கொடுக்கலாம்.