பாலைக்குப் போகும் வீடு

நவம்பர் பிறந்துவிட்டால் கலிபோர்னியாவில் பல வீட்டு வாசல்களில் டிரெய்லர்களின் உறை கழற்றப்படும். காரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற வீடு அது. கட்டில், அடுப்பு, கழிப்பறை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். வாடகைக்கும் கிடைப்பதால் இங்குள்ள நம் குடும்பங்களும் குளிர்கால விடுமுறையில் டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு அதில் கிளம்புகின்றன. யோசனை கேட்டு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் இருக்கும். நான் முதலில் கேட்பது வேறு. எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை லிட்டர்?

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிநீர் வேண்டும் என்கிறது பூங்கா நிர்வாகம். நாலு பேர் நாலு நாள் தங்கினால் குடிக்க மட்டுமே 64 லிட்டர். சமையலுக்கும் கழுவுவதற்கும் டிரெய்லரின் தொட்டி இருக்கிறது. நடுத்தர வண்டிகளில் அது ஏறக்குறைய 150 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் தொட்டி நிறைந்தால் 150 கிலோ கூடிவிடும். உயிரைக் காக்கும் பொருள்தான் வண்டிக்குப் பெரிய சுமையும். இந்த இரண்டையும் ஈடுகட்டுவதுதான் பாலைவனப் பயணத் திட்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். அதற்குக் குறைந்தால், வேகம் பிடித்ததும் டிரெய்லரின் பின்புறம் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஓட்டுநர் அதை அடக்குவது கடினம். சில வண்டிகளில் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கும்; அதை நிரப்பினால் கொக்கியின் மேல் உள்ள பாரம் குறைந்துவிடும். ஆகவே சாமான்களை ஏற்றி முடித்த பிறகு, லாரிகள் நிற்கும் இடத்திலுள்ள எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். டயரின் காற்றைக் காலையில், ஓட்டத் தொடங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குக் கலிபோர்னியாவில் உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். வழி காட்டும் செயலி சொல்கிற நேரத்தில் போய்ச் சேர முடியாது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி மலை. மேற்கிலிருந்து 190ஆம் நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் பனமிண்ட் பள்ளத்தாக்கிலிருந்து டவுன் கணவாய்க்கு ஏற வேண்டும். அதன் உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கிருந்து 27 கிலோமீட்டருக்குள் கடல் மட்டத்திலுள்ள ஸ்டவ்பைப் வெல்ஸுக்கு இறக்கம். ஏறும்போது எஞ்சின் கொதிக்கும். இறங்கும்போது பிரேக் காய்ந்து பிடிமானம் இழக்கும். ஏற்றத்தில் ஏசியை அணைத்துவிட வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சினைக் கொண்டே வண்டியைத் தடுக்க வேண்டும். முதல்முறை இழுக்கிறவர்களுக்கு நான் சொல்வது தெற்கு வழி: பேக்கர் ஊரிலிருந்து 127ஆம் சாலையில் டெத் வேலி ஜங்ஷன் வந்து உள்ளே நுழைவது. ஏற்ற இறக்கம் அதில் தணிவு.

எந்த வழியில் வந்தாலும் குடிநீரைக் கேன்களில் குறையில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியை மட்டும் பாதிக்கும் கீழே வைத்து மலையைக் கடந்து, பள்ளத்தாக்கில் ஃபர்னஸ் கிரீக்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். குழாயும் கழிவுநீரைக் கொட்டும் இடமும் அங்கே உண்டு.

சுமையைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கு நெடுங்காலத்துக்கு முன்பே பாடம் சொல்லியிருக்கிறது. 1849இல் தங்கம் தேடிக் குறுக்குவழியில் வந்தவர்கள் மாட்டு வண்டிகளோடு இங்கே சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒரு கூட்டம் இன்றைய ஸ்டவ்பைப் வெல்ஸுக்கு அருகில் வண்டிகளை உடைத்து விறகாக்கி, மாட்டிறைச்சியை உலர்த்திக்கொண்டு நடந்தே வெளியேறியது. தங்கள் வீட்டையே எரித்துத்தான் அவர்கள் உயிர் பிழைத்தார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அங்கு வாழ்ந்து வரும் டிம்பிஷா ஷோஷோனி மக்களோ கோடை வந்தால் பக்கத்து மலைகளுக்கு ஏறிவிடுவார்கள், குளிர் வந்தால் இறங்கிவிடுவார்கள். அந்த மண்ணை அறிந்தவர்களின் பயணத் திட்டம் அது. நாமும் அதையே பின்பற்றலாம். 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் ஃபர்னஸ் கிரீக். ஜனவரியிலோ பகலில் 19 டிகிரி, இரவில் 4 டிகிரி என்பது அங்கே சாதாரணம். ஜூலையில் டிரெய்லரோடு போக நினைக்கும் யாரையும் நான் தடுப்பேன். கடும் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் மீட்பு ஹெலிகாப்டர்கூடப் பறக்க முடியாமல் போகிறது.

ஃபர்னஸ் கிரீக்கில் மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் உள்ள இடங்கள் 18தான், முன்பதிவு அவசியம். இடம் கிடைத்ததும் டிரெய்லரைக் கழற்றிவிட்டுக் காரில் சுற்றுங்கள். டான்டேஸ் வியூ, ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் சாலைகளில் 25 அடிக்கு மேல் நீண்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பூங்காவுக்கு வெளியே திறந்தவெளியில் தங்குவதானால் வறண்ட ஓடைத் தடத்தில் ஒருபோதும் நிறுத்த வேண்டாம். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலால் ஓராண்டு மழை ஒரே நாளில் கொட்டியது. சாலைகள் அரித்துப் போய், பூங்கா ஏறக்குறைய இரண்டு மாதம் மூடிக் கிடந்தது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பகலில் வந்தவர்கள் மாலையில் லாஸ் வேகாஸுக்குத் திரும்பிவிடுவார்கள். தங்குகிறவர்களுக்குத்தான் அந்த இரவு வானம். பால்வீதி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தெரியும். நகரத்தில் வளரும் நம் பிள்ளைகள் அதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பசியும் தாகமும் பயமும் இல்லாமல் பார்க்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை.

1996 ஜூலையில் இரண்டு குழந்தைகள் உட்பட நாலு பேர் கொண்ட ஒரு ஜெர்மானியக் குழு வாடகை வேனில் இங்கே வந்து, மண்பாதை ஒன்றில் உள்ளே போய்த் திரும்பவில்லை. டயர்கள் காற்றிழந்த வேன் அக்டோபரில் கிடைத்தது. எலும்புகள் கிடைக்க 2009 ஆயிற்று. அவர்களை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பூங்காவின் பெரும்பகுதியில் செல்பேசி வேலை செய்யாது. எனவே போகும் வழியையும் திரும்பும் நாளையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அந்த நாள் தாண்டினால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். செயலி காட்டும் குறுக்குவழிகளை நம்பாதீர்கள். குடிநீரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே, நிரப்பும் இடம் பக்கத்தில் இல்லையென்றால், வண்டியைத் திருப்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வெயிலில், களைப்பில், இன்னும் ஒரு வளைவுதானே என்ற ஆவலில் அந்த முடிவை எடுப்பது யாருக்கும் கடினம். வீட்டுக் கூடத்தில் எடுப்பது எளிது.