ஓசி விளம்பரமாம்ல!

2018 ஜூன் 12-ல ட்ரம்பும் கிம்மும் செந்தோசாவுல கை குலுக்கினாங்க. சிங்கப்பூருக்கு ஆன செலவு 1.63 கோடி வெள்ளி. உடனே கணக்குப்பிள்ளைங்க கிளம்பிட்டாங்க. "உலகம் பூரா டிவில வந்துச்சே, அதையே விளம்பரமா வாங்கியிருந்தா எத்தனை கோடி தெரியுமா?"

இந்தக் கணக்குதாங்க எனக்கு எரிச்சல். யாரும் காசு குடுத்து வாங்காத விளம்பரத்துக்கு விலை போட்டு, அதை லாபம்னு எழுதலாமா? அப்ப தெருமுனைச் சண்டையை நாலு பேர் வேடிக்கை பார்த்தா அதுவும் வருமானம்தான் :-)

மாநாட்டால லாபமே இல்லைன்னு சொல்ல வரலை. சாங்கியில ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்குற விமானக் கண்காட்சியை எடுத்துக்குங்க. வர்றவன் கம்பெனி காசுல வர்றான். வார நாள்ல ரூம் போடுறான், டாக்சி பிடிக்கிறான், ராத்திரி நாலு வாடிக்கையாளரைக் கூட்டிட்டுப் போய் விருந்து வைக்கிறான். சுற்றுலா வந்தவன் மாதிரி முஸ்தபாவுல விலை பார்த்துக்கிட்டு நிக்கிறதில்லை. அடுத்த கண்காட்சிக்குத் திரும்பவும் வர்றான். அது காசு!

அதுலயும் உள்ளூர்க்காரன் செலவழிச்சதைக் கழிக்கணும். அவன் அங்க வரலைன்னா தேக்காவுல செலவழிச்சிருப்பான். எத்தனை வெளியூர்க்காரன் வந்தான், எத்தனை ராத்திரி தங்கினான்? அதைச் சொல்லுங்க சாமி, அப்புறம் கோடியைப் பத்திப் பேசலாம்.