மண் எழுதிய மழைக் கணக்கு

"பூர்வ காலத்தில் மழை ஒழுங்காகப் பெய்தது; இப்போதுதான் பருவம் தவறுகிறது" என்று புலம்பாத வீடு நம் தர்மபுரி ஜில்லாவில் அரிது. விஞ்ஞானிகள் வரையும் பழங்கால மழைக் கோட்டைப் பார்ப்பவருக்கும் அது மெய்யென்றே தோன்றும். நூற்றாண்டுக் கணக்கில் கோடு அசையாமல் செல்கிறதல்லவா? அந்த அமைதி வானத்தில் இருந்ததா, கணக்கெழுதிய எழுதுகோலில் இருந்ததா என்பதை விசாரிப்போம்.

மழைமானி இல்லாத காலத்துக்கு மண்ணும் மரமுமே சாட்சி. நீலகிரிச் சதுப்புகளில் மக்கிப் படிந்த மண்ணைக் கொண்டு, சுமார் 20,000 ஆண்டுச் சரித்திரத்தை ஸ்ரீ ஆர். சுகுமாரும் அவர் சகாக்களும் 1993-இல் வெளியிட்டார்கள். வறட்சியில் தழைக்கும் புல்லும் ஈரத்தில் தழைக்கும் செடியும் மக்கிய பின்னரும் கரியணுவில் வெவ்வேறு அடையாளம் விட்டுச் செல்கின்றன. அற்புதமான சாட்சிதான். ஆனால் அம்மண்ணில் ஓரங்குலம் சேர்வதற்குள் பல தலைமுறைகள் கழிந்துவிடும்.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தை எண்ணிப் பாருங்கள். அன்று தர்மபுரி, சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. இரண்டு வருஷம் மழை பாதியாகக் குறைந்ததென்று வைத்துக்கொள்வோம். நூறு வருஷத்தை ஒரே பிடி மண்ணாக அள்ளினால், சராசரியில் குறைவது நூற்றில் ஒரு பங்கே! கஞ்சித் தொட்டிகளின் முன் நின்ற ஜனங்கள் அத்தனை பேரும் அந்த ஒரு பங்கில் மறைந்துபோகிறார்கள்.

இடைவிட்டு மாதிரி எடுப்பதோ இன்னும் விபரீதம். ஏழு நாளுக்கொரு முறை கூடும் சந்தைக்கு ஒருவர் எட்டு நாளுக்கொரு முறை வருகிறார். ஐம்பத்தாறு நாளுக்கு ஒரு தடவைதான் அவர் கூட்டத்தைக் காண்பார். "இவ்வூர்ச் சந்தை இரண்டு மாதத்துக்கொன்று" என்று சாதிப்பார். அவ்வாறே, நான்கு வருஷத்துக்கொரு முறை திரும்பும் வறட்சியை ஐந்து வருஷத்துக்கொரு தரம் பார்த்தால், இருபது வருஷச் சுழற்சி என்ற மாயை பிறக்கும். ஒரு சுற்றுக்குள் இரு முறைக்கு மேல் பார்த்தாலொழிய அதன் காலத்தை அறிய இயலாது.

தேக்கு மரம் வருஷத்துக்கொரு வளையம் இடுவதால் இக்குறை அதற்கில்லை. அதற்கு வேறொரு குறை. இளமரத்தின் வளையம் அகலம்; முதிர முதிர ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தைக் கழிக்கையில், நூற்றாண்டுகளாக மெல்ல நடந்த மழை மாறுதலும் கூடவே கழிந்துவிடலாம்.

ஆகவே சதுப்பு மண்ணின் கோட்டருகே இன்றைய மழைமானிக் கோட்டை ஒட்டி, "பாருங்கள், எவ்வளவு துள்ளுகிறது!" என்பது நியாயமாகாது. இன்றைய கணக்கையும் அதே அளவு மழுக்கிய பிறகு எஞ்சும் மாறுதலைப் பற்றியே பேசலாம். நம் ஏரிகளுக்குக் கலிங்கு கட்டுவோர் கேட்க வேண்டியது மரத்தின் சாட்சியத்தையே. கரையை உடைக்கும் வெள்ளம் ஒரே வருஷத்து வெள்ளமல்லவா?