ஸ்கேன் செய்யும் முன்

மதிப்பிற்குரிய திருவண்ணாமலை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

நான் பார்வையற்றவன். கணினியில் என்விடிஏ, செல்போனில் டாக்பேக் என்று திரைவாசிப்பான்களின் குரல் கேட்டே படிக்கிறேன், எழுதுகிறேன். என்விடிஏ, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய மென்பொருள். இலவசம், தமிழும் பேசும். கருவிக்கு எங்களிடம் குறையில்லை. எங்களுக்கு வரும் கோப்புகளில்தான் குறை.

அரசு அறிவிப்பு இணையத்துக்கு வரும் வழி தாங்கள் அறிந்ததே. கணினியில் தட்டச்சு செய்கிறார்கள். அச்செடுத்து, கையொப்பமும் முத்திரையும் இட்டு, அதை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறார்கள். அந்த ஸ்கேனில் எழுத்து போய்விடுகிறது, படம்தான் மிஞ்சுகிறது. பிரவுசரில் இணைப்பை அழுத்தினால் புதிய டேப் திறக்கும், பக்க எண்ணைச் சொல்லும், அதற்குமேல் ஒரு சொல் வராது. ஒருமுறை வேலைவாய்ப்பு அறிவிப்பு ஒன்றின் கடைசித் தேதியைத் தெரிந்துகொள்ளப் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட வேண்டியிருந்தது. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் உண்டுதான். ஆனால் தமிழ் அட்டவணை என்றால் கட்டங்களைக் கலைத்துவிடும். 3-ஐ 8 என்று படித்துவிட்டால் விண்ணப்பமே போயிற்று.

ஸ்கேன் செய்யாத கோப்பிலும் ஒரு தொல்லை இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், ‘அம்மா’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்கும்போது ‘எம், கே, செமிகோலன், கே, ஹெச்’ என்று வரும். இத்தனைக்கும் தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. இணையத்தில் ஏற்றும் ஆவணம் எழுத்தாகப் படிக்கத்தக்க பிடிஎஃப் ஆகவோ இபப் என்ற மின்னூல் வடிவிலோ இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் கூறின. அணுகல் தரங்கள் பரிந்துரையாக நின்றால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படிக்கத்தக்க அறிவிப்பு நம் ஊருக்கு இன்னும் அவசரம். கார்த்திகை தீபத்துக்குத் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எங்கே, எந்தச் சாலை அடைப்பு என்பதை வெளியூரிலிருந்து வரும் பார்வையற்ற பக்தரும் தெரிந்துகொள்ள வேண்டாமா? 2024 டிசம்பரில் கனமழையால் வ.உ.சி. நகரில் ஏற்பட்ட மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. அதுபோன்ற மழையில் எச்சரிக்கை படமாக வந்தால், அதை வாசித்துச் சொல்ல ஆள் வரும்வரை நாங்கள் எப்படிக் காத்திருப்பது?

தட்டச்சு செய்த கோப்பு அலுவலகக் கணினியிலேயே இருக்கிறது. அதிலுள்ள செய்தியை யூனிகோடில் இணையப் பக்கமாகவே போடச் சொல்லுங்கள். பிடிஎஃப்பைவிட அதுவே எங்களுக்கு எளிது. கையொப்பமிட்ட ஸ்கேனும் அதன் அருகிலேயே இருக்கட்டும். இணைப்புக்கு ‘பார்க்க’ என்று மட்டும் பெயரிடாமல் அறிவிப்பின் பொருளை எழுதச் சொல்லுங்கள். இருபது ‘பார்க்க’ வரிசையாக ஒலித்தால் எதை அழுத்துவது?

ஏற்றும் முன் கோப்பில் நான்கு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கலாம். அங்கே தமிழ் பிழையில்லாமல் விழுந்தால் பெரும்பாலும் எங்கள் திரைவாசிப்பானும் படிக்கும். அடுத்த தீபத் திருவிழா அறிவிப்பிலிருந்தே இதை நடைமுறைப்படுத்தத் தாங்கள் ஓர் உத்தரவு பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திருவண்ணாமலைவாசி ஒருவன்