கணனி நேரம் உள்ளவர்க்கே உரியதா?

விதைப்புக்கு முன் வானத்தை அண்ணாந்து பார்த்த கமக்காரன், இன்று வானிலை அறிக்கைக்கும் செவி சாய்க்கின்றான். அவ்வறிக்கை பிறந்த கதையை அவன் அறிவானா? 1950 ஆம் ஆண்டிலே, பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிப்பதற்கென அமெரிக்க இராணுவம் கட்டுவித்த ‘எனியாக்’ என்னும் கணனியை, சார்னி, வொன் நொய்மன் முதலிய அறிஞர் சில கிழமைகளுக்கு இரவல் பெற்றனர். மேரிலாந்து மாநிலத்து அபர்டீனில் நின்ற அவ்வியந்திரத்திலே வளிமண்டலத்தின் போக்கை எண்களாற் கணித்தனர். 24 மணி நேரத்து வானிலையைக் கணிக்க ஏறக்குறைய 24 மணி நேரமே சென்றது. நாளைய வானிலையை நாளைக்கே கூறும் கணிப்பினால் யாது பயன் என்று அன்று எவரும் எள்ளி நகைத்திருக்கலாம். ஆயினும், உலகெங்கும் இன்று நடைபெறும் எண்முறை வானிலைக் கணிப்பு அந்த இரவல் நேரம் என்னும் வித்திலிருந்து முளைத்ததே!

அன்று அவ்வறிஞரை நோக்கி, “இவ்வியந்திரத்தில் உங்கள் கணக்கை முன்னரே ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள், அதன் பின்னர் நேரந் தருவோம்” என்று அதிகாரிகள் கூறியிருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? அவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருப்பர். அந்தோ, அன்று கேட்கப்படாத கேள்வியே இன்று வாயிற்காவலனாய் நிற்கின்றது!

அமெரிக்காவின் ரென்னசி மாநிலத்திலுள்ள ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தில் ‘புரொன்ரியர்’ என்னும் மீக்கணனி உண்டு. 1 இற்குப் பின் 18 பூச்சியங்கள் இட்டு எழுதும் எண்ணளவான கணக்குகளை ஒரு வினாடியிற் செய்து முடித்ததாக 2022 மே மாதத்திலே உலகத் தரப்பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்றது அதுவே. 9,400 இற்கு மேற்பட்ட கணுக்களை ஒன்றாய்ப் பிணைத்த பேரியந்திரம் அது. இதனைப் பயன்படுத்த விழையும் ஆராய்ச்சியாளர் கேட்பது பணமன்று, நேரம். ஒரு கணுவை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் அது ஒரு கணுமணி. இத்தனை ஆயிரம், இத்தனை இலட்சம் கணுமணி தேவை என்று விண்ணப்பிப்பதே முறை.

அந்நேரம் எங்ஙனம் பங்கிடப்படுகின்றது? ஓக் றிட்ஜிலும் இலினொய் மாநிலத்து ஆர்கோனிலும் உள்ள பெருங்கணனிகளின் நேரத்தில் 60 வீதம் வரை ‘இன்சைற்’ என்னும் திட்டத்துக்குரியது. ஆண்டுதோறும் விண்ணப்பங் கோரி, அறிஞர் குழுக்களைக் கொண்டு ஆராய்ந்து வழங்குவர். இன்னொரு பங்கு எரிசக்தித் திணைக்களத்தின் நோக்கங்களையொட்டிய பிறிதொரு திட்டத்துக்குச் செல்லும். எஞ்சிய பங்கு ஆய்வுநிலையப் பணிப்பாளரின் விருப்புரிமைக்கு உட்பட்டது.

முதலாம் பங்கைக் கேட்போன் இரண்டு சோதனைகளில் தேற வேண்டும். ஆராய்ச்சி சிறந்ததா என்பது ஒன்று. அவனது நிரல் அப்பேரியந்திரத்தில் ஓடுதற்கு ஆயத்தமா என்பது மற்றொன்று. கேட்கும் இயந்திரத்திலோ அதனையொத்த இயந்திரத்திலோ ஓட்டிப் பெற்ற அளவீடுகளைச் சான்றாகக் காட்ட வேண்டும். கணுக்களைக் கூட்டக் கூட்ட வேகமும் கூடுகின்றதா, முடுக்கிகளை நிரல் முறையாகப் பயன்படுத்துகின்றதா என்றெல்லாம் நிறுவ வேண்டும்.

சான்று வேண்டுமெனின் இயந்திரம் வேண்டும். இயந்திரம் வேண்டுமெனின் சான்று வேண்டும். நீந்தத் தெரிந்தவனுக்கே குளத்தில் இறங்க அனுமதி என்றால், தெரியாதவன் நீந்தப் பழகுவது எங்கே? பெரிய ஆய்வுகூடத்தின் அரவணைப்பில் உள்ளவன் சான்றுகளை எளிதிற் குவிக்கின்றான். சிறிய பல்கலைக்கழகத்தில் ஒற்றை மாணவனோடு உழைப்பவன் வாயிலிலேயே நிற்கின்றான். துருசுக்கு அருகே உள்ள வயலுக்கு நீர் பாய்ந்துகொண்டேயிருக்க, வாய்க்காலின் கடைசி வயல் வெடித்துக் கிடப்பதைக் கண்ட நம் கமக்காரருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இக்கொடுமையை அமெரிக்க விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் அனுபவித்தனர். 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே, லறி ஸ்மார் என்னும் வானியற்பியலாளர், தம் நாட்டிலே செய்யப்பட்ட ‘கிறே’ கணனியைப் பயன்படுத்துவதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. வீட்டுக் கிணற்று நீரை அயலூரிற் போய் மொண்டு குடித்த கதை இது! பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்க்குப் பெருங்கணனி எட்டாக்கனியாய் இருந்த நிலையை, கணிதப் பேரறிஞர் பீற்றர் லக்ஸ் தலைமையிலான குழு 1982 இல் எடுத்துரைத்தது. 1985 இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றம் பல்கலைக்கழகங்களுக்கென மீக்கணனி நிலையங்களை நிறுவ முன்வந்தது. கதவு தானாகத் திறக்கவில்லை, தட்டியதாலேயே திறந்தது.

“விலைமதிப்பற்ற நேரத்தை ஆயத்தமில்லாதவனிடம் கொடுத்து வீணடிப்பதா?” என்று வினவுவாரும் உளர். வினா நியாயமானதே. ஓடாது நின்ற கணுவின் மணி மீளாது. செம்மையற்ற நிரல் ஆயிரம் கணுக்களைப் பிடித்துக்கொண்டு பத்துக் கணுக்களின் வேலையைச் செய்யுமாயின், அது பொதுப்பணத்துக்குச் செய்யும் துரோகமே. ஆதலால் சோதனையை ஒழிக்குமாறு நாம் கேட்கவில்லை. சோதனைக்கு ஆயத்தம் செய்யும் களத்தையுந் தருக என்றே கேட்கின்றோம். பள்ளியைப் பூட்டி வைத்துவிட்டுப் பரீட்சை நடத்துவது எந்த ஊர் நீதி?

அத்தகைய களம் இயலாத காரியமன்று. பணிப்பாளரின் பங்கு, பெரிய விண்ணப்பத்துக்கான அளவீடுகளைத் திரட்டுவோர்க்கும் உரியது. அதற்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் 2022 செப்டெம்பரில் தொடங்கிய ‘அக்செஸ்’ திட்டம் நான்கு படிகளை வகுத்தது. முதற்படிக்குச் சுருக்கமான ஆய்வுக்குறிப்பே போதும். பட்டப்பின் மாணவனும் தன் ஆசிரியரின் கடிதத்தோடு கேட்கலாம். ஐரோப்பியக் கூட்டுத் திட்டமாகிய ‘யூரோ எச்.பி.சி.’, அளவீடு செய்வதற்கும் நிரலைச் சீர்செய்வதற்கும் தனித்தனி அனுமதிகளை ஏற்படுத்தியுள்ளது. வழி உண்டென்பதற்கு இவையே சான்று.

ஆயினும் அப்பங்கு மட்டும் போதுமா? அதிலும் முதன்முறை வருவோனுக்கு இவ்வளவு என்று வரையறுத்த உரிமை உண்டா? இல்லையெனின், அப்பங்கும் பழகிய முகங்களுக்கே போய்ச் சேரும் என்று அஞ்சாதிருப்பது எங்ஙனம்? ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். பொதுப்பணத்தில் எழுந்த ஒவ்வொரு மீக்கணனியிலும் முதன்முறை விண்ணப்பதாரருக்கென ஒரு பங்கை ஒதுக்குக. அப்பங்கைப் பெறுவோனுக்கு நிரலைச் செம்மைப்படுத்த வல்ல ஒருவரைத் துணையாகத் தருக. மறுக்கும் விண்ணப்பத்துக்குக் காரணத்தை விளங்க எழுதி அனுப்புக.

அந்நாடுகளில் உயர்கல்வி கற்கும் நம் இளைஞர்க்கும் ஒரு சொல். வாயில் ஒடுங்கியது என்று வாளாவிருத்தல் அறிவுடைமையாகாது. சிறிய அனுமதியை முதலிற் கேளுங்கள். அளவீடுகளைப் பொறுமையோடு திரட்டுங்கள். மறுத்தால் திருத்தி மீண்டும் எழுதுங்கள். குழுக்களில் அமர்ந்து தீர்ப்பளிக்கும் நிலைக்கு உயர்ந்த நம்மவர், தாம் வாயிலில் நின்ற நாளை மறவாதிருப்பாராக.

பேரியந்திரம் ஊரார் வரிப்பணத்தில் எழுந்தது. அதன் திறவுகோல் ஒரு சிலர் மடியில் உறங்கலாகாது. 1950 இல் இரவல் நேரம் கேட்டு வந்தோரை அன்று திருப்பி அனுப்பியிருந்தால் உலகம் எதனை இழந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். இன்று திருப்பி அனுப்பப்படுவோரால் எதனை இழக்கின்றோம் என்பதை எவரே அறிவார்?